தனியா பாடினா பாட்டே இல்ல: ஒரு கோரல் கச்சேரியை எப்படிக் கேட்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கச்சேரியைப் பத்திப் பேசப்போறோம். சபா கச்சேரி இல்ல, சினிமா லைவ் ஷோவும் இல்ல. கறுப்பு டிரஸ் போட்ட ஐம்பது அறுபது பேர் கையில் ஃபைலோட மேடையில் வரிசையா நிப்பாங்க. அவங்களுக்கு முன்னாடி வயலின்காரர்கள் உட்கார்ந்திருப்பாங்க. நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தர் கையை ஆட்டுவார். கோரல் சொசைட்டி கச்சேரி. சென்னையில் டிசம்பர் வந்தா ஒரு பக்கம் மார்கழி சீசன் ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் சர்ச்சுகளிலும் ஆடிட்டோரியங்களிலும் இதுவும் நடக்கும். ஃப்ரெண்டு பாடுறான்னு நிறைய பேர் போவாங்க. அரை மணி நேரத்துல கை தானா போனுக்குப் போயிடும். வெளியே வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்ன நடந்துச்சுன்னே தெரியல"ன்னு சொல்வாங்க. இதை நான் நிறைய தடவை கேட்டாச்சு. ஏன்னா மேடையில் நிக்கிறவங்கள்ல நானும் ஒருத்தி.

நான் பாடுறது ஆல்ட்டோ. ஒரு கோரஸ் குழுவில் பொதுவா நாலு குரல் இருக்கும். பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ் குரல் ஆல்ட்டோ. ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ் குரல் பேஸ். மெட்டு, அதாவது நீங்க வீட்டுக்குப் போகும்போது முணுமுணுக்கிற பகுதி, பெரும்பாலும் சொப்ரானோகிட்டதான் இருக்கும். பேஸ் கீழே அடித்தளம் போடும். நடுவுல இருக்கிற எங்களுக்கும் டெனருக்கும் மிச்சம் மீதி.

எனக்குச் சொந்த ஊர் கோடியக்கரை. ஒரு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப கச்சேரிக்கான ஆல்ட்டோ பகுதியைத் திண்ணையில் உட்கார்ந்து பாடிப் பார்த்துக்கிட்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "என்னடி இது, நெல்லு அளக்குறவன் லாபம், ரெண்டு, மூணுன்னு இழுக்குற மாதிரி ஒரே இடத்துலயே நிக்கிற? பாட்டு எப்ப வரும்?"னு கேட்டாங்க. அம்மா பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம், களத்துமேட்டைப் பார்த்து வளர்ந்தவங்க. அவங்க சொன்னது ரொம்பச் சரி. பன்னிரண்டு அளவு வரைக்கும் எனக்கு அங்க ரெண்டே ரெண்டு ஸ்வரம்தான். தனியா கேட்டா அது பாட்டே இல்ல.

கோரல் இசையைப் புரிஞ்சுக்க இதுதான் வாசல்னு நான் நினைக்கிறேன். அங்கே யாரோட பகுதியும் தனியா முழுசு இல்ல.

கூட்டமா பாடுறது நமக்குப் புதுசான்னா, சுத்தமா இல்ல. டெல்டாவுல நடவு வயலில் ஒரு அக்கா முதல் அடியை எடுப்பாங்க, வரிசையில் குனிஞ்சு நிக்கிற மத்தவங்க திருப்பிச் சொல்வாங்க. எங்க கடற்கரையில் வலை இழுக்கும்போது ஏலேலோ, ஐலசா. மார்கழியில் தெரு பஜனை. எல்லாத்துலயும் மெட்டு ஒண்ணுதான். ஒருத்தர் எடுக்க, மத்தவங்க அதையே வாங்கிப் பாடுறது.

கோடியக்கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் வடக்கே போனா வேதாரண்யம். அந்தக் கோயில் அம்மனுக்குப் பேரே யாழைப் பழித்த மொழியாள். யாழையே தோற்கடிக்கிற குரல்னு ஒரு தெய்வத்துக்குப் பேர் வெச்ச ஊர் அது. அங்கேதான் பூட்டிக் கிடந்த கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார்னு பெரியபுராணம் சொல்லுது. அப்பர் பதிகம் முழுக்கப் பாடி முடிக்க வேண்டியிருந்துச்சாம், சம்பந்தருக்கு ஒரே பாட்டுல கதவு மூடிடுச்சாம். அந்தக் கதையில் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. தமிழின் ரெண்டு பெரிய பாடகர்கள் ஒரே வாசலில் பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. ஆனா சேர்ந்து பாடல. ஒருத்தர் முடிச்சதும் இன்னொருத்தர்.

அதே வேதாரண்யத்துக்கு 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 பேர் உப்பு எடுக்க நடந்தார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். வழியெல்லாம் பாட அவர்களுக்கு நாமக்கல் கவிஞர் ஒரு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். யோசிச்சுப் பாருங்க, அந்தப் பாட்டு நாலு குரலா பிரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரோட்டோரத்துல நிக்கிற ஒருத்தர் சட்டுன்னு வந்து கலந்துக்க முடியாது. ஒரே மெட்டுப் பாட்டுக்கு ரிகர்சல் வேண்டாம். ரெண்டாவது தடவை கேக்குறப்பவே நீங்களும் பாடலாம். ஊரைத் திரட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது. நாலு குரல் உசத்தி, ஒரு குரல் மட்டம்னு நான் சொல்லப்போறேன்னு யாராவது எதிர்பார்த்தா, சாரி.

சரி, நாலு குரல் என்னதான் செய்யுது? தம்புராவிலிருந்து ஆரம்பிக்கலாம். தம்புரா சட்ஜமும் பஞ்சமமும் விடாம கொடுக்கும். அந்த ரெண்டோட அதிர்வும் 2-க்கு 3 என்ற விகிதம், அதனாலதான் காதுக்கு அவ்வளவு சுகமா ஒட்டுது. இப்ப அந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒருத்தர் அந்தர காந்தாரத்தைப் பிடிச்சு நின்னா அதுதான் மேஜர் கார்டு. வெளிச்சமா இருக்கும். அதே ஆள் கொஞ்சம் இறங்கி சாதாரண காந்தாரத்துல நின்னா மைனர் கார்டு. வானம் மூடிடும். மேலயும் கீழயும் இருக்கிறவங்க அசையவே இல்ல. நடுவுல ஒருத்தர் அரைப் படி இறங்கினார், அவ்வளவுதான், மொத்த ஹாலோட மூடும் மாறிடுச்சு. அந்த நடு ஆள் பல சமயம் ஆல்ட்டோ, இல்லன்னா டெனர். எனக்கு ரெண்டே ரெண்டு ஸ்வரம்னு சொன்னேன்ல, அந்த ரெண்டும் இதுதான்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்துன்னு ஒரு வாத்தியம் உண்டு. ஒரே சுருதியை விடாம ஊதுறது அதோட வேலை. அதை வெச்சுத்தான் "அவனுக்கு ஒத்து ஊதுறான்"னு சொல்றோம். ஆல்ட்டோ ஒத்து ஊதுறது இல்ல. ஒத்து மாறாது, ஆல்ட்டோ மாறும்போது எல்லாமே மாறும்.

அப்போ கர்நாடக இசையில் இது ஏன் வரலன்னு ஒரு கேள்வி வரும். அறிவு இல்லாம இல்ல. அதோட அழகு வேற இடத்துல இருக்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட தோடியை எடுத்துக்கோங்க. அங்க காந்தாரம் ஒரு இடத்துல நிக்கவே நிக்காது, அசைஞ்சு அசைஞ்சுதான் அது காந்தாரம். அசையுற ஒரு ஸ்வரத்து மேல இன்னொரு ஸ்வரத்தை எப்படி அடுக்குவீங்க? அசைவை நிறுத்தினா அடுக்கலாம், ஆனா தோடி போயிடும். கமகம் வேணுமா, கார்டு வேணுமா? பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்துக்க முடியும்.

இந்தக் கேள்வி எங்க பக்கத்துல ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. கோடியக்கரையிலிருந்து கடலோரமாவே வடக்கே போனா நாகப்பட்டினம், அதைத் தாண்டி தரங்கம்பாடி. 1706-ல் சீகன்பால்க் அங்கே வந்து இறங்கினார். அதிலிருந்து ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ் வார்த்தை பொருத்துகிற வேலை தொடங்கியது. இன்றைக்கும் புராட்டஸ்டண்ட் சபைகளில் ரெண்டு வகைப் பாட்டு உண்டு. மேற்கத்திய மெட்டில் மொழிபெயர்த்துப் பாடுவது பாமாலை. நம்ம ராகம், நம்ம தாளத்தில் எழுதியது கீர்த்தனை. பாமாலையில் ஒரு சிக்கல் இருக்கு. அந்த மெட்டுகளில் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம், எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் நகரணும். தமிழில் குறில் நெடில் மாறினா அர்த்தமே மாறிடும். நீளமான ஸ்வரத்துல குறில் மாட்டிக்கிட்டா "கல்" "கால்" ஆகும், "படு" "பாடு" ஆகும். காது உள்ள தமிழ்க் கவிஞர் ஒருத்தருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

அப்படி ஒருத்தர் இருந்தார். வேதநாயகம் சாஸ்திரியார், 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவனாக இருந்தபோதே அவரை ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். அதே ஸ்வார்ட்ஸிடம்தான் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் படித்தார். சரபோஜி 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார். ஐரோப்பிய வாத்தியங்களும் அச்சடித்த இசை நோட்டுகளும் வாங்கிச் சேர்த்து, அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தவர். சரஸ்வதி மகால்னா ஓலைச்சுவடின்னு மட்டும் நினைக்கிறோம். அந்த அரண்மனையில் டிரம்பெட்டும் கேட்டிருக்கு.

சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர், கீர்த்தனைகளை ஊர் ஊராகப் பாடியவர். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய மோதல். தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து ஓரங்கட்டுகிறார்கள் என்பது அவருடைய புகார்களில் ஒன்று. இன்னொரு புகாரையும் சொல்லணும். சபையில் சாதி வித்தியாசம் கூடாது, எல்லாரும் கலந்து நற்கருணை வாங்க வேண்டும் என்று மிஷனரிகள் வற்புறுத்தினார்கள். வெள்ளாளரான சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். தமிழ் இசைக்காகப் போராடியவர்னு அவரை மேடையில் கொண்டாடுறப்ப இந்த ரெண்டாவது பாதியை யாரும் சொல்றதில்ல. பாட்டு விஷயத்துல நான் அவர் பக்கம். பக்கத்துல யார் உட்காரலாங்கிற விஷயத்துல இல்ல.

கொயரில் நிக்கிற இடத்தைக் குரல்தான் முடிவு பண்ணும். நீங்க ஆல்ட்டோன்னா ஆல்ட்டோ வரிசை, பக்கத்துல யார் வேணா இருக்கலாம். இது எனக்குப் பிடிக்கும். ஆனா எந்தக் குரல் அந்த வரிசை வரைக்கும் வந்து சேருதுங்கிறது தனிக் கதை. இங்கிலீஷ் வேணும், நோட்டேஷன் சொல்லிக்கொடுக்க யாராவது வேணும், ராத்திரி ஒன்பது மணிக்கு ரிகர்சல் முடிஞ்சா வீட்டுக்குப் போக பஸ் வேணும். எங்க ஊர்ல நல்ல ஆல்ட்டோ குரல் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருப்பாங்க. அப்படி ஒரு வார்த்தை இருக்குன்னே அவங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல.

அதே காலத்தில் இன்னொருவர் வேறு வழியில் போனார். திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர். சென்னைப் பக்கம் மணலியில் குடும்பத்தோடு இருந்தபோது கோட்டையில் வாசிக்கிற ஆங்கிலேய பேண்டைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். அவைதான் நொட்டுஸ்வரம். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில்கூட ஒன்று இருக்கு, சந்ததம் பாஹிமாம்னு ஆரம்பிக்கும். அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினையே கற்றுக்கொண்டு வந்தார். இன்னைக்கு வயலின் இல்லாத கச்சேரியை நினைச்சுப் பார்க்க முடியுதா? அவங்க எதை எடுத்தாங்க, எதை விட்டாங்கன்னு பாருங்க. மெட்டை எடுத்தாங்க, வாத்தியத்தை எடுத்தாங்க. அந்த மெட்டுக்குக் கீழே ஓடின மத்த குரல்களை அப்படியே விட்டுட்டாங்க. ஆல்ட்டோவை விட்டுட்டாங்கன்னு நான் கொஞ்சம் சொந்தக் கோபத்தோடயே சொல்றேன்.

இப்ப இங்கிலாந்துக்குப் போவோம். இந்தக் கோரல் சொசைட்டிங்கிற அமைப்பு அங்கேதான் வளர்ந்துச்சு. இது தொழில்முறைப் பாடகர்களோட சங்கம் இல்ல. பகலில் வேற வேலை பார்க்கிறவங்க சாயங்காலம் கூடிப் பாடுற சங்கம். யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டுன்னு ஒரு கம்பளி மில் ஊர். அங்கே 1836-ல் தொடங்கின கோரல் சொசைட்டி இன்னும் பாடிக்கிட்டிருக்கு. நம்ம கோயம்புத்தூர் மாதிரி ஓர் ஊரில் மில் தொழிலாளிகள் சேர்ந்து ரெண்டரை மணி நேர நாடக இசையைப் பாடுறாங்கன்னு வெச்சுக்கோங்க. அவங்களுக்கு நோட்டேஷன் எப்படிப் புரிஞ்சுது? சாரா குளோவர்னு ஓர் ஆசிரியை உருவாக்கி, ஜான் கர்வென் பரப்பின டானிக் சால்ஃபா முறை. டோ, ரே, மீ ஆகியவற்றின் முதல் எழுத்துகளை வரிசையா எழுதிக்கிறது. நம்ம ச ரி க ம எழுதுற மாதிரியேதான். மிஷனரிகள் அதை உலகமெல்லாம் கொண்டுபோனாங்க. மிசோரமில் இன்னைக்கும் அதைப் பார்த்துத்தான் பாடுறாங்க.

அந்தச் சங்கங்களுக்கெல்லாம் தாய்ப் பாட்டு ஹேண்டல் எழுதிய மெசையா. ஆள் ஜெர்மனியில் பிறந்தவர், பாட்டு ஆங்கிலம். 1741-ல் சுமார் 24 நாளில் எழுதி முடித்தார். முதல் கச்சேரி 1742 ஏப்ரல் 13, டப்ளின் நகரத்தில். கூட்டம் அதிகமா வரும்னு, பெண்கள் வளையம் வெச்ச பாவாடை போடாம வாங்க, ஆண்கள் வாளைக் கழட்டி வெச்சுட்டு வாங்கன்னு முன்கூட்டியே கேட்டுக்கிட்டாங்க. வசூலில் ஒரு பங்கை வைத்துக் கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேரை மீட்டார்கள். அன்னைக்குப் பாடினது முப்பது சொச்சம் பேர்தான். 1784-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 500 பேருக்கு மேல். 1859-ல் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கில். ஊருக்கு ஊர் சங்கம் முளைச்சதோட விளைவு அது.

சென்னைக்கு இது 1893-ல் ஒரு அமைப்பாகவே வந்து சேர்ந்தது, மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய சங்கம் இன்று நம்ம ஆட்களோடு நடக்கிறது. ஒரு காலத்தில் அதை நடத்திய கண்டக்டர் பெயரே ஹேண்டல் மானுவேல். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் ஆர்கன் வாசித்தவர். பெற்றோர் வைத்த பேரிலேயே அந்த வீட்டில் என்ன பாட்டு ஓடியிருக்கும்னு ஊகிக்கலாம்.

நீங்க ஒரே ஒரு பாட்டைக் கவனிச்சுக் கேக்குறதா இருந்தா, மெசையாவில் வர்ற அல்லேலூயா கோரஸைக் கேளுங்க. ஏற்கெனவே தெரியும், விளம்பரத்துல எல்லாம் வந்துடுச்சு. இந்தத் தடவை வேற மாதிரி கேளுங்க. ஆரம்பத்துல எல்லாரும் சேர்ந்து ஒரே சொல்லை நாலு குரலா அடிப்பாங்க. கொஞ்ச நேரத்துல திடீர்னு கார்டு காணாமப் போயிடும். மொத்தக் குழுவும் ஒரே மெட்டைப் பாடும், நம்ம பஜனை மாதிரியே. அப்புறம் அந்த மெட்டை ஒரு குரல் எடுத்துக்கும், மத்தவங்க அது மேல அல்லேலூயாவைத் தூவுவாங்க, அடுத்து இன்னொரு குரல். பின்னாடி ஒரு இடத்துல சொப்ரானோக்கள் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்க, மத்தவங்க கீழே பரபரப்பா பதில் சொல்வாங்க. அந்த நீட்டின ஸ்வரம் படிப்படியா மேல ஏறும். டிரம்பெட்டும் டிரம்மும் அதைத் தள்ளும். கடைசியில் எல்லாரும் ஒரே நொடியில் நிறுத்துவாங்க. அந்த மௌனத்துல கை தட்டிடாதீங்க. இன்னும் ஒரே ஒரு அல்லேலூயா மெதுவா பாக்கி இருக்கு.

இதுக்கு எல்லாரும் எழுந்து நிப்பாங்க, பதறாதீங்க. ராஜா ரெண்டாம் ஜார்ஜ் உணர்ச்சிவசப்பட்டு எழுந்தார்னு கதை. அவர் அந்தக் கச்சேரிக்கு வந்தார்ங்கிறதுக்கே அந்தக் காலத்து ஆதாரம் இல்ல. ஆனாலும் எழுந்து நில்லுங்க, பின்னாடி இருக்கிறவங்க எழுந்துட்டா உங்களுக்கு அவங்க முழங்கால்தான் இடிக்கும்.

மெசையாவோட நிறுத்திக்க வேண்டாம். வான் வில்லியம்ஸ் எழுதின எ சீ சிம்பொனி, 1910-ல் லீட்ஸில் முதல்முறை நடந்தது. பெயர் சிம்பொனின்னாலும் முதலிலிருந்து கடைசி வரை கோரஸ் இருக்கும். சின்ன டிரம்பெட் முழக்கம், உடனே மொத்தக் குழுவும் கடலைக் கூப்பிடும். எதிர்பார்க்காத ஒரு கார்டுல அது திறக்கிறப்ப, கோடியக்கரையில் சவுக்குத் தோப்பைத் தாண்டினதும் சட்டுன்னு கடல் முழுசா தெரியுமே, அதுதான் எனக்கு. அவரோட நண்பர் ஹோல்ஸ்ட் இன்னும் வேடிக்கையான ஆள். லண்டனில் சமஸ்கிருதம் கத்துக்கிட்டு, ரிக்வேத சூக்தங்களைத் தானே ஆங்கிலத்தில் ஆக்கி, 1908-லிருந்து 1912 வரைக்கும் கோரஸுக்கு எழுதினார். தீட்சிதர் அவங்க மெட்டை எடுத்துக்கிட்டார், ஹோல்ஸ்ட் நம்ம சொல்லை எடுத்துக்கிட்டார்.

தமிழில் இப்படி உண்டான்னு கேட்டா, இளையராஜாவோட லண்டன் சிம்பொனி 2025 மார்ச் 8-ல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு இருபது வருஷம் முன்னாடி, 2005-ல் வந்த அவரோட திருவாசகத்தை இந்தக் காதோட திரும்பக் கேளுங்க. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசிச்சிருக்கு, ஆங்கில வரிகள் ஸ்டீஃபன் ஸ்வார்ட்ஸ். ஹெட்போன் போட்டுக்கிட்டு, ராஜா குரலை விட்டுட்டுப் பின்னாடி கோரஸில் நடுக் குரலை மட்டும் தேடிப் பிடிங்க. முதல் தடவை கிடைக்காது. மூணாவது தடவை கிடைச்சிடும்.

கடைசியா ஒண்ணு. "நான் சேர முடியுமா?"ன்னு மெசேஜ் பண்றவங்களுக்கு. நிறைய அமெச்சூர் குழுக்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் எடுப்பாங்க. ஆடிஷன்ல பெரிய பாட்டெல்லாம் எதிர்பார்க்க மாட்டாங்க. என்கிட்ட பியானோவில் மூணு ஸ்வரத்தை ஒரே நேரத்துல அமுக்கி, "நடுவுல இருக்கிறதைப் பாடு"ன்னு சொன்னாங்க. போன்ல ஒரு பியானோ ஆப் இறக்கி, ச, க, ப மூணையும் சேர்த்து அமுக்கி, காந்தாரத்தை மட்டும் பிடிச்சுப் பாடிப் பழகுங்க. வீட்ல யாராவது பாட்டு எப்ப வரும்னு கேப்பாங்க, கண்டுக்காதீங்க. அடுத்த எபிசோடில் ஒத்து நாதஸ்வரத்துக்கு என்ன ஆச்சு, சுருதிப் பெட்டி எப்ப அந்த இடத்தைப் பிடிச்சுதுன்னு பேசுவோம்.